எடை 80 கிலோ, ஆனா ஆளு எளச்சுட்டாங்க: லிம்போமாவுல உடம்பு எடையை எப்படிப் பாக்கணும்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. நாங்க சென்னிமலை பக்கமுங்க, தறி ஓட்டறோம். எங்கம்மாவுக்கு வயசு 58. கழுத்துல கட்டி வந்து பயாப்சி எடுத்ததுல டிஎல்பிசிஎல்ங்கற லிம்போமா, அதாவது நெறிகட்டில வர்ற ஒரு வகை கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆர்-சாப்ங்கற கூட்டு மருந்து கீமோ 21 நாளைக்கு ஒருக்கா, மொத்தம் 6 தடவை, அதுல மொதல் தடவை முடிஞ்சுது. அம்மா உயரம் 160 செ.மீ. ஆறு மாசத்துக்கு முன்னாடி 90 கிலோ இருந்தாங்க, இப்ப 80. சுகர் இருக்கறதால எடை குறையறது நல்லதுதான்னு நாங்களும் சந்தோசமா இருந்துட்டோம். இப்ப பாக்க வர்ற ஒறம்பரை எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பெரிய மாமா, இந்த கனத்த ஒடம்பு கீமோவைத் தாங்காது, டோஸைக் குறைக்கச் சொல்லுங்கறார். சித்தி, எடையைக் குறைச்சாத்தான் மருந்து வேலை செய்யும்னு காலைல கொள்ளு ரசம் மட்டும், ராத்திரிக்கு ஒண்ணுமே வேண்டாம்ங்கறாங்க. தங்கச்சி என்னடான்னா, குண்டா இருக்கறவங்க லிம்போமாவுல அதிக நாள் இருப்பாங்கன்னு நெட்டுல படிச்சேன், கவலையே வேண்டாம்ங்கறா. அம்மா, நான் இப்படி பெருத்துக் கெடந்ததுனாலதான் இந்தச் சீக்கு வந்துச்சுன்னு அழறாங்க. மோதிரம் கழண்டு கழண்டு விழுதுன்னு நூல் சுத்திப் போட்டிருக்காங்க, அதைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு வெசனமா இருக்குதுங்க. எது நெசம்னு சொல்லுங்க.

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அந்த மோதிரம்தான். ஒறம்பரை மூணு பேரு சொன்னதும் எடை மெசின்ல தெரியற 80-ங்கற நம்பரை வெச்சுத்தான், ஆனா அந்த நூல் சுத்துன மோதிரம் சொல்ற கதை வேற. நம்ம ஊர்ல எளச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லுவாங்கள்ல, உங்க சித்தி அம்மாவைக் கொழுத்தவங்கன்னு நெனச்சு கொள்ளு ரசம் குடுக்கறாங்க, நான் சொல்றேன், உங்கம்மா இப்ப எளச்சவங்க. 80 கிலோ இருந்தாலும் எளச்சவங்கதான். இதை வீட்ல எல்லாரும் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதிக் கொழப்பம் தீர்ந்துரும்.

எப்படின்னா, 90-லிருந்து 80 ஆனது பத்து கிலோ, அதாவது நூத்துக்கு 11 பங்கு. ஒரு டயட்டும் இல்லாம, நடையும் கூட்டாம, ஆறு மாசத்துல இருந்த எடையில நூத்துக்கு 10 பங்குக்கு மேல தானா குறைஞ்சா லிம்போமா டாக்டருங்க அதை 'பி' அறிகுறின்னு கேஸ் சீட்டுல எழுதுவோம், அந்த லிஸ்ட்ல இருக்கறதே மூணுதான்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காரணம் தெரியாத காய்ச்சல், ராத்திரி படுக்கை நனையற அளவுக்கு வேர்வை, அப்பறம் இந்த எடைக் குறைவு. அப்ப அந்த பத்து கிலோ சுகர் கன்ட்ரோல் ஆனதால வந்த நல்லது இல்லீங்க, நோய் உடம்பைத் தின்னது. இதுக்காக உங்களை நீங்களே திட்டிக்க வேண்டாம், குண்டா இருக்கறவங்க எடை குறைஞ்சா ஊரே பாராட்டும், ரவிக்கை லூசாச்சுன்னு ஊக்கு குத்திக்கிட்டு சந்தோசமா போவாங்க, என்கிட்ட வந்தவங்கள்ல எத்தனையோ பேரு இப்படி மூணு நாலு மாசம் ஏமாந்துட்டு வந்தவங்கதான். ஒல்லியான ஆளு பத்து கிலோ எளச்சா அக்கம்பக்கத்துல உடனே கேப்பாங்க, பெருத்தவங்க எளச்சா யாரும் கேக்கறதில்ல.

இப்ப தங்கச்சி படிச்ச விசயத்துக்கு வர்றேன், அந்தப் பொண்ணு படிச்சது பொய் இல்ல. 2012-ல அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தாரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, உங்கம்மாவுக்கு வந்த அதே டிஎல்பிசிஎல்தான், அதுல நோய் கண்டுபிடிச்சப்ப பிஎம்ஐ அதிகமா இருந்தவங்க சரியான எடையில இருந்தவங்களை விட நல்லா பொழச்சிருந்தாங்க. பிஎம்ஐன்னா எடையை உயரத்தோட ஸ்கொயரால வகுக்கறது, உங்கம்மாவுக்கு 80-ஐ 1.6 ஸ்கொயரால வகுத்தா 31 சொச்சம் வருது, நம்ம இந்தியக் கணக்குப்படி 25-க்கு மேல போனாலே உடல் பருமன். ஆனா 2014-ல, அமெரிக்காவுல பெரிய பெரிய கீமோ ட்ரையல்ல சேர்ந்த லிம்போமா நோயாளிங்க தரவை ஒண்ணா வெச்சுப் பாத்தப்ப, பிஎம்ஐக்கும் பொழைக்கறதுக்கும் பெருசா சம்பந்தமே தெரியல. ஒரு பக்கம் நல்லதுன்னும் ஒரு பக்கம் சம்பந்தம் இல்லைன்னும் வந்தா மக்கள் என்ன பண்ணுவாங்க, அவங்கவங்களுக்குப் புடிச்சதை எடுத்துக்குவாங்க. பெருத்தவங்க நல்லா இருக்கற மாதிரி கணக்குல ஏன் தெரியுதுன்னு பாத்தாத்தான் விசயம் வெளங்கும்.

மொதக் காரணம் அந்த மோதிரம்தான். நோய் ரொம்ப முத்துனவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றப்பவே எளச்சுத்தான் வர்றாங்க, அவங்களை எடை போட்டா 'சரியான எடை' இல்லாட்டி 'கம்மி எடை'ங்கற கட்டத்துல போய் உக்காந்துக்குவாங்க. அப்ப அந்தக் கட்டத்துல நல்லா இருக்கற ஒல்லி ஆளுங்களும் இருக்காங்க, நோய் தின்னு ஒல்லியானவங்களும் இருக்காங்க, ரெண்டாவது கூட்டம் அதிகமா இறந்தா மொத்தக் கட்டமே மோசமாத் தெரியும், பக்கத்துல குண்டானவங்க கட்டம் நல்லாத் தெரியும். கொழுப்பு அவங்களைக் காப்பாத்துச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்லீங்க. கட்டித்தரையில எலும்பும் தோலுமா இருக்கற மாடு சாகுதுன்னா ஒல்லியா இருந்ததாலயா சாகுது, சீக்கு புடிச்சுத்தான எளச்சுது. பிஎம்ஐ 18.5-க்குக் கீழ இருக்கறவங்களுக்கு லிம்போமாவுல ரிசல்ட் மோசமா இருக்குங்கறது மட்டும் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருது, அதுலயும் பாதி விசயம் இதுதான்.

ரெண்டாவது, எடை மெசினுக்குக் கொழுப்பு எது சதை எதுன்னு தெரியாது. 80 கிலோவுல எத்தனை கிலோ தசைங்கறதுதான் கீமோவைத் தாங்கறதுக்கு முக்கியம். தொடைச் சதை கரைஞ்சு, வயித்துக் கொழுப்பு மட்டும் அப்படியே இருந்தா பாக்க கனமான ஆளாத் தெரிவாங்க, ஆனா உள்ள ஆளு பலம் இல்லாம இருப்பாங்க, இந்த ரகம்தான் எங்களுக்கு ரொம்ப பயம், கொழுப்பு மறைச்சு வெச்சுக்கறதால யாருக்கும் தெரியறதில்ல. உங்கம்மாவுக்கு நோய் எங்கெங்க இருக்குன்னு பாக்கற பெட் சிடி ஸ்கேன் எடுத்திருப்பீங்க, அந்த சிடி படத்துலயே இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல மூணாவது எலும்பு மட்டத்துல தசை எவ்வளவு இருக்குன்னு அளக்க முடியும், தசை கம்மியா இருக்கற வயசானவங்களுக்கு ஆர்-சாப் ரிசல்ட் கொஞ்சம் மோசமா இருக்குன்னு ஆய்வுங்க சொல்லுது, கீமோ தொந்தரவும் எச்சா வருது. ஆனா அளவெடுக்கணும்னு நீங்க அலைய வேண்டாம். கை வெச்ச சேர் வேண்டாம், சாதா ஸ்டூல் ஒண்ணைச் சுவத்தோரமாப் போடுங்க, அம்மாவை உக்கார வெச்சு ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கிட்டு எந்திரிக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கையை ஊனாம எந்திரிச்சுட்டாங்கன்னா நல்லது, முடியலைன்னா எடை எங்க போயிருக்குன்னு தெரிஞ்சுக்குங்க, தொடைச் சதையில போயிருக்கு. அடுத்த தடவை டாக்டரைப் பாக்கறப்ப மத்ததுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க.

இந்த நோயில யாரு எப்படி இருப்பாங்கன்னு கணக்குப் போட நாங்க 1993-லிருந்து ஐபிஐன்னு ஒரு ஸ்கோர் பாக்கறோம். அஞ்சு விசயம்தான் அதுல: வயசு 60-க்கு மேலயா, ரத்தத்துல எல்டிஹெச்ங்கற நொதி கூடியிருக்கா, ஸ்டேஜ் மூணு இல்ல நாலா, நெறிகட்டி இல்லாத வேற உறுப்புல ஒண்ணுக்கு மேல பரவியிருக்கா, ஆளு தன் வேலையைத் தானே பாத்துக்கிட்டு நடமாடறாங்களா. எடையும் இல்ல, பிஎம்ஐயும் இல்ல பாத்தீங்களா. உங்கம்மாவுக்கு 58, வயசுக்கு மார்க் போகல. கடைசியா சொன்ன அந்த நடமாட்டம் இருக்குதே, அதுலதான் வீட்ல இருக்கறவங்க கை கொஞ்சம் இருக்கு. ரிட்டுக்சிமாப்ங்கற மருந்தைச் சேர்த்த இந்த ஆர்-சாப் வந்ததுக்கு அப்பறம் டிஎல்பிசிஎல் வந்தவங்கள்ல நூத்துல ஏறக்குறைய 60 பேரு முழுசா கொணமாகறாங்க, இது முழுசா கொணப்படுத்தறதுக்குன்னே குடுக்கற வைத்தியம், அதனாலதான் டோஸ் விசயத்துல நான் இவ்வளவு கண்டிப்பா இருக்கறேன்.

பெரிய மாமா சொன்னதுக்கு என் பதில், தயவு செஞ்சு டோஸைக் குறைக்கச் சொல்லிக் கேக்காதீங்க. மாமா பாசத்துலதான் சொல்றார், அது எனக்குத் தெரியுது, ஆனா அந்தக் காலத்துல டாக்டருங்களே இந்தத் தப்பைப் பண்ணியிருக்கோம். ஆளு பெருசா இருந்தா கணக்குல வர்ற டோஸும் பெருசா வரும், பயந்துக்கிட்டு கொஞ்சம் குறைச்சுப் போட்டுருவாங்க, அப்பறம் பாத்தா பெருத்தவங்களுக்கு கேன்சர் ரிசல்ட் மோசமா இருக்குன்னு எழுதுவாங்க, குறைச்சுப் போட்டதும் அதுக்கு ஒரு காரணம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 2012-ல அமெரிக்கப் புற்றுநோய் டாக்டருங்க சங்கம் தெளிவா சொல்லிருச்சு, கொணப்படுத்தற நோக்கத்தோட குடுக்கறப்ப உடல் பருமன் உள்ளவங்களுக்கும் அவங்க உண்மையான எடைக்கு என்ன டோஸ் வருதோ அதை முழுசா குடுங்கன்னு, 2021-லயும் அதையே திரும்பச் சொன்னாங்க.

கணக்கு எப்படின்னும் சொல்லிடறேன், தெரிஞ்சா பயம் போகும். உயரத்தை எடையால பெருக்கி 3600-ல வகுத்து ஸ்கொயர் ரூட் எடுத்தா உடம்போட மேல்பரப்பு வரும். உங்கம்மாவுக்கு 160-ஐ 80-ஆல பெருக்கினா 12800, அதை 3600-ல வகுத்து ரூட் எடுத்தா 1.89 சதுர மீட்டர். ரிட்டுக்சிமாப் ஒரு சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம், அப்ப 700 சொச்சம் வரணும், டாக்சோரூபிசின் 50 மில்லிகிராம் கணக்குல 94 பக்கம். சிவப்பா ஏத்துவாங்களே அந்த மருந்துதான் டாக்சோரூபிசின், அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி எக்கோ எடுத்து இதயம் பாத்திருப்பாங்க. வின்கிரிஸ்டின்ங்கற மருந்து மட்டும் கணக்குல 2.6 வந்தாலும் 2 மில்லிகிராமோட நிறுத்திக்குவாங்க, அதுக்கு மேல போனா நரம்பு கெடும்னு வழக்கமா எல்லாருக்கும் வெச்ச எல்லை அது, சீட்டுல பாத்துட்டு அம்மாவுக்குக் குறைச்சுட்டாங்களேன்னு பதறாதீங்க. ரத்த அணு ரொம்ப எறங்கிப் போனாலோ லிவர் கெட்டாலோ டாக்டரு டோஸை மாத்துவாரு, அது ரிப்போர்ட் பாத்து எடுக்கற முடிவு, உடம்பு கனத்தைப் பாத்து எடுக்கறது இல்ல.

இதுல ஒரு சின்ன வேலை உங்களுக்கு இருக்கு. கணக்கே உயரத்தையும் எடையையும் நம்பித்தான் நிக்குது, ஆனா கூட்டம் இருக்கற எடத்துல உயரம் எவ்வளவுன்னு வாயில கேட்டு எழுதிக்கறதை நான் பாத்திருக்கேன், பழைய எடையையே அப்படியே காப்பி பண்றதும் நடக்குது. உங்கம்மாவுக்கு 90 கிலோன்னு எங்கயாச்சும் பழைய சீட்டுல இருந்து, அதையே எழுதிட்டா மேல்பரப்பு 2.0-ன்னு வந்துரும். அதனால ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழட்டிட்டு மெசின்ல ஏத்தி எடை போடச் சொல்லுங்க, உயரம் ஒரு தடவையாவது சுவத்துல நிக்க வெச்சு அளந்திருக்கணும். நடுவுல எடை நூத்துக்கு 10 பங்கு மாறிருச்சுன்னா டோஸை மறுபடி கணக்குப் போடணும், நீங்களே ஞாபகப்படுத்துங்க, எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்.

சித்திக்கு இப்ப. கீமோ நடக்கற இந்த நாலஞ்சு மாசம் எடை குறைக்கற காலம் இல்லீங்க. பட்டினி போட்டா கொழுப்பு மட்டும் கரையும்னு நெனைக்கறாங்க, நோயும் கீமோவும் இருக்கற ஒடம்புல மொதல்ல போறது சதைதான். ராத்திரி பட்டினியை இன்னிக்கே நிறுத்துங்க, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க ராத்திரி சாப்பிடாமப் படுத்தா லோ சுகர் ஆகி விடியறதுக்குள்ள ஆபத்தாயிரும். கொள்ளு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நூறு கிராம் கொள்ளுல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, அதை ரசமா வடிச்சு தண்ணியை மட்டும் குடுத்தா புரதம் பூரா சக்கையில போயிருது, அதுதான் வருத்தம். கொள்ளுப் பருப்பா கடைஞ்சு சோத்துல நெய் விட்டுப் பெசஞ்சு குடுங்க. எள்ளும்தான், எளச்சவங்களுக்கு எள்ளுன்னு பெரியவங்க சொன்னது சரிதான், எள்ளுப் பொடி இட்லிக்குத் தொட்டுக்கலாம்.

கேன்சர் வைத்தியத்துல இருக்கறவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணும்பாங்க, உங்கம்மா மாதிரி பருமனானவங்களுக்கு அதைக் கொஞ்சம் தணிச்சு 80-லிருந்து 90 கிராம்னு வெச்சுக்கலாம். பெரிய நம்பராத் தெரியும், ஆனா மூணு முட்டை 18, பாலும் தயிருமா அரை லிட்டர் 16, நூறு கிராம் கோழிக்கறி 25, கொள்ளோ பாசிப்பருப்போ ஒரு அம்பது கிராம் 11, ஒரு கைப்பிடி கடலைக்காய் 7, மீதி அரிசி ராகியிலயே வந்துரும். கறி முட்டை சாப்பிடாத குடும்பம்னா பருப்பு, தயிர், பன்னீர், சோயான்னு கூட்டணும். கிட்னி ரிப்போர்ட் சரியில்லைன்னா மட்டும் இந்தக் கணக்கு மாறும், டயட்டீசியன் கிட்ட ஒரு தடவை காட்டிக்குங்க. வாய் கசக்குது, கறி வாசம் புடிக்கலன்னு அம்மா சொல்லுவாங்க, அது மருந்து பண்ற வேலை, ஒரே தட்டுல நெறையப் போட்டு முன்னாடி வெக்காம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு கிண்ணம்னு குடுத்துப் பாருங்க, சந்தகை, அரிசிம்பருப்பு சாதம் மாதிரி மெல்ல வேண்டாததா. முட்டை முழுசா வெந்திருக்கணும், கறந்த பாலைக் காய்ச்சாமக் குடுக்கக் கூடாது, கீமோவுல ரத்த வெள்ளை அணு எறங்கற நாள்ல இதெல்லாம் வெளையாட்டு இல்ல. உரம்னு சொல்லி யாராச்சும் லேகியம், பொடி, சீந்தில் கசாயம் எல்லாம் கொண்டாந்து குடுத்தா டாக்டரைக் கேக்காமக் குடுக்காதீங்க, லிவர் கெட்டுப் போனா மருந்து தள்ளிப் போகும்.

ப்ரெட்னிசலோன் மாத்திரை மொத அஞ்சு நாளைக்கு 100 மில்லிகிராம் குடுக்கறாங்கள்ல, அந்த அஞ்சு நாளும் பசி பிச்சுக்கிட்டு வரும், சுகர் எகிறும், எடையும் ஒண்ணு ரெண்டு ஏறும். அம்மா ஒடம்பு தேறிருச்சுன்னு நெனைச்சுராதீங்க, அதுல பாதிக்கு மேல தண்ணி. அந்த நாள்ல இனிப்பு, ஜூஸ் வேண்டாம், குளுக்கோமீட்டர்ல நாலு வேளையும் பாத்து எழுதுங்க, சுகர் டாக்டர்கிட்டயும் இந்த அஞ்சு நாளு விசயத்தைச் சொல்லிருங்க. ஆறாவது நாள் மாத்திரை நின்னதும் ஆளு துவண்டு படுத்துருவாங்க, அது நெறையப் பேருக்கு வர்றதுதான். இந்த ஸ்டீராய்டும் தொடைச் சதையைக் கரைக்கும், அதனால படுக்கையிலயே கெடக்க விடக் கூடாது, காலைலயும் பொழுதோடவும் வாசல்ல பத்து நிமிசம் நடை, அதே ஸ்டூல்ல உக்காந்து எந்திரிக்கறது பத்து தடவை, முடியாத அன்னிக்கு அஞ்சு. பாதம் மதமதன்னு இருக்குதுன்னு சொன்னாங்கன்னா வின்கிரிஸ்டின் வேலை, தடுக்கி விழுந்துராம செருப்புப் போட்டு நடக்க வைங்க, அடுத்த விசிட்ல சொல்லுங்க.

எடையை வீட்லயே பாருங்க, வாரத்துக்கு ஒருக்கா போதும், ஒரே மெசின், காலைல வெறும் வயித்துல, பாத்ரூம் போய்ட்டு வந்ததுக்கு அப்பறம். ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. மாசத்துல நாலு கிலோவுக்கு மேல எறங்குனா அடுத்த கீமோ வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணுங்க. எடை திடீர்னு ஏறி, கணுக்கால்ல விரல் வெச்சு அமுக்குனா குழி விழுந்து, படுத்தா மூச்சு வாங்குதுன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, இதயத்தைப் பாக்கணும். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கெளம்பிருங்க, வீட்ல மாத்திரை போட்டுப் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது.

அம்மா அழறதுக்கு நீங்க சொல்ல வேண்டிய பதில் இது. பருமன் இருக்கறவங்களுக்கு இந்த லிம்போமா வர்ற வாய்ப்பு லேசா கூடுதல்னு கூட்டம் கூட்டமாப் பாக்கறப்பத் தெரியுது, ஆனா காட்டு வேலை செஞ்சு வாடிப் போன ஒல்லி ஆளுங்களுக்கும் இதே நோய்க்கு நான் வைத்தியம் பாத்துட்டுத்தான் இருக்கேன், உங்கம்மாவுக்கு இதுனாலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அவங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. வைத்தியம் முடிஞ்சு, பெட் ஸ்கேன் சுத்தமா வந்து, ஒரு ஆறு மாசம் போகட்டும், அப்பறம் எடையைப் பத்திப் பேசலாம், டாக்சோரூபிசின் வாங்குன இதயத்துக்கும் சுகருக்கும் மெதுவா எடை குறைக்கறது நல்லதுதான், சித்தி அப்ப வரட்டும்.

அந்த மோதிரத்தைக் கழட்டி பீரோவுல வெச்சுருங்க. சுத்துன நூல்ல ஈரமும் அழுக்கும் தங்கும், அணு கம்மியா இருக்கற நாள்ல அந்த எடத்துல புண்ணு வந்தா ஆறாது.